டியூப் எடுத்த நாள்

பிள்ளைகளா, எனக்குத் தறி ஓட்டத்தான் தெரியும், எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் அந்த ஆஸ்பத்திரி நாளை நீங்கள் முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது பரீட்சை என்று நீங்கள் இருவரும் சங்கரன்கோவிலில் அத்தை வீட்டில் இருந்தீர்கள்.

ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே புரோஸ்டேட் என்று ஒரு சுரப்பி உண்டு. வயதாக ஆக அது பெருத்து, சிறுநீர் வரும் பாதையை நெருக்கும். எனக்கு அது முற்றிவிட்டது. ஓடுகிற தறியை நிறுத்திவிட்டு ஓடுவேன். போய் நின்றால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஒரு நாள் அதுவும் நின்றுபோனது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய், சிறுநீர் வடிய டியூப் போட்டார்கள். பிறகு லேசர் ஆபரேஷன். வயிற்றைக் கிழிக்கவில்லை. சிறுநீர் வருகிற வழியாகவே கருவியை விட்டு, அடைத்த சதையை லேசர் ஒளியால் அறுத்து எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

டியூப் எடுக்கிற நாள் வந்தது. காலையில் நர்ஸ் அதை உருவிவிட்டு, "அண்ணாச்சி, நல்லா தண்ணி குடிங்க. சாயங்காலத்துக்குள்ள தானா போகணும். போகலன்னா மறுபடியும் டியூப்தான், வீட்டுக்கு விடமாட்டாங்க" என்று சொல்லி, அளக்க ஒரு குவளையையும் கையில் கொடுத்தார்.

எனக்கு அந்த டியூபை நினைத்தாலே பயம். குடிக்கிறேன், குடிக்கிறேன், வயிறு முட்டுகிறது. ஒன்றும் வரக் காணோம். அந்த நேரம் பார்த்து பனவடலிசத்திரத்திலிருந்து உங்கள் மாமா சொந்தக்காரர்களோடு வேனில் வந்து இறங்கினார். ஆரஞ்சும் பிஸ்கட்டுமாகக் கட்டில் நிறைந்தது. நான் கக்கூஸுக்குள் போனால் கதவுக்கு வெளியே அத்தனை பேரும் நிற்கிறார்கள்.

"மாப்ளே, வந்துச்சா வே?" இது மாமா.

"இல்ல மச்சான்."

"கெணறு நெறையத் தண்ணி கெடக்கு, ஒமக்கு மோட்டார் போடத் தெரியலயே!"

"ஏண்ணே, சும்மா இரி. அத்தான் உள்ள பாடுபடுதாவ" என்றாள் உங்கள் சித்தி.

வெளியே ஒரே சிரிப்பு. உள்ளே எனக்கு வரப்போன சொட்டும் நின்றுவிட்டது.

பொழுது சாயத் தொடங்கியதும் நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். உங்கள் அம்மாவுக்கு வந்ததே கோபம்!

"பந்திக்கு எடம் புடிக்க மாதிரி எல்லாரும் வாசல்ல நின்னா அவுகளுக்கு எப்படி வரும்? போங்க, கேண்டீன்ல சூடா வடை போடுதான்."

வடை என்றதும் மாமாதான் முதலில் நடந்தார்.

சத்தம் அடங்கியது. தண்ணீர்க் குழாயை லேசாகத் திறந்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன். முதலில் ஒரு சொட்டு, எரிந்தது. அப்புறம், பிள்ளைகளா, இளவட்டத்தில் போனதுபோல ஒரே வீச்சு! குவளை நிறைந்து கையெல்லாம் நனைந்தது. கொஞ்சம் சிவப்பாக இருந்தது. போகப்போகத் தெளிந்துவிடும் என்று நர்ஸ் முன்னமே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

கதவைத் திறந்தால், அம்மா கேண்டீனுக்குப் போகாமல் அங்கேயே நிற்கிறாள். குவளையைக் காட்டினேன்.

"எனக்குத்தான் கேட்டுச்சே" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை.

அப்போதுதான் உங்கள் போன் வந்தது. "அப்பா, எப்ப வாறீங்க?" என்று கேட்டீர்கள். வார்டில் ஆட்கள் இருக்கிறார்களே என்று நான் கூச்சப்பட்டு முழித்தேன். அம்மா போனைப் பிடுங்கினாள்.

"மக்கா, ஒங்கப்பா ஒண்ணுக்குப் போயிட்டாவ! நாளைக்கு வீட்டுக்கு வாறோம்!"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டிலில் டியூபோடு படுத்திருந்தவர் கை தட்டினார்.