கள்ளிக்குப்பத்து மேஜரம்மா

ராணுவத்தில் நர்ஸாக இருப்பவள் துப்பாக்கி சுடுவாளா மாட்டாளா என்பது கள்ளிக்குப்பத்தில் வெகுகாலம் தீராத வழக்கு. ஞானகுமாரி லீவில் வரும்போதெல்லாம் குழாயடியில் யாராவது ஒருத்தி கேட்டுவிடுவாள். "எனக்கு ஊசி போடத்தான் தெரியும்" என்று அவள் சிரித்தால், அம்மா சகாயம்மாளுக்குப் பொறுக்காது.

"ஏன்டி உன்னை நீயே இறக்கிப் பேசறே? பெரிய பெரிய சிப்பாய்ங்கள்லாம் உனக்கு சல்யூட் அடிக்கிறாங்கன்னு சொல்லேன்."

அது பொய்யில்லை. ராணுவ நர்ஸுகளும் அதிகாரிகள்தான். இருபது வயதில் ரயிலேறிப் போன ஞானகுமாரி, ஜான்சி, ஜலந்தர், லடாக் என்று ஊர் ஊராகக் கட்டில்களுக்கு நடுவே நடந்து, தலையில் முதல் நரை தெரிந்த காலத்தில் மேஜர் ஆனாள். 1986-இல் ஆவடி ராணுவ ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்தபோது அவளால் நம்ப முடியவில்லை. வீட்டிலிருந்து நாலு ஸ்டேஷன்கூட இல்லாத தூரம்! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மா கையால் மீன்குழம்பு சாப்பிடலாம். மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அம்பத்தூர் ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். பிற்காலத்தில் எந்த ஊரில் இருந்தாலும், தன் வாழ்க்கையின் நல்ல நாட்கள் என்று நினைத்தால் அவளுக்கு அந்த ஆவடி நாட்கள்தான் முன்னால் வந்து நின்றன. இத்தனைக்கும் அவை சுலபமான நாட்கள் அல்ல.

1987 அக்டோபரில் இலங்கையில் சண்டை மூண்டது. அமைதி காக்கப் போன இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் இடையே நடந்த சண்டை. அடிபட்டவர்கள் விமானத்தில் வந்து இறங்கினார்கள். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இடம் போதாமல், ஒரு மழை நாளில் ஆவடிக்கும் சிலரை அனுப்பினார்கள். அதில் ஒருவன் தீவான் சிங். வடக்கே இமயமலைச் சாரலில் கடுவால் பக்கத்துப் பையன், மீசை இன்னும் கெட்டிப்படவில்லை. கண்ணிவெடியில் காலில் இரும்புத் துணுக்குகள். இரண்டு கண்களையும் மறைத்துக் கட்டு.

மறுநாள் காலை வார்டு ஆயா கெங்கம்மாள் கஞ்சியோடு வந்தாள். மண்ணூர்பேட்டைக்காரி, குரல் வாசலுக்கு வரும் முன்பே உள்ளே வந்துவிடும்.

"யப்பா, எய்ந்திரு. சூடா கஞ்சி கொண்டாந்துகீறேன்."

தீவான் சிங் அலறினான். கை வீசியதில் டம்ளர் பறந்தது. போட்டிருந்த தையலையும் மறந்து கட்டிலுக்கடியில் உருண்டுபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். ஞானகுமாரி ஓடிவந்து தரையில் மண்டியிட்டு, இந்தியில் மெதுவாகப் பேசினாள். அவன் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு ரகசியமாகக் கேட்டான்: "சிஸ்டர், அவங்க இங்கேயும் வந்துட்டாங்களா?"

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவன் பயந்தது தமிழைக் கேட்டு. வெடி வெடிப்பதற்கு முன்னால் இருட்டில் அவன் காதில் விழுந்த பேச்சு அது. கண்ணில் கட்டுப் போட்ட பிறகு, எந்தத் தமிழ்க் குரல் யாருடையது என்று அவன் எப்படிக் கண்டுகொள்வான்?

அன்றிலிருந்து அந்த வார்டில் தமிழ் பேசக்கூடாது என்று ஞானகுமாரி சொல்லிவிட்டாள். கெங்கம்மாளுக்கு மனசு ஆறவில்லை.

"நா இன்னா குண்டா போட்டேன்? கஞ்சிதான குடுத்தேன்? பேசாம வேல செய்யறதுக்கு நா இன்னா ஊமையா மேஜரம்மா?"

"கொஞ்ச நாளைக்குத்தான் கெங்கம்மா. புள்ள பயப்படறான்."

"ஊட்டுக்குப் போனா அங்க ஒரு பேச்சு. நம்ம சனத்த சுட்டுட்டு வந்தவனுக்கு நீ பீ மூத்திரம் அள்ளுறியான்னு எங்கூட்டுக்காரன் கேக்கறான். இங்க வந்தா தமிழ் பேசாதன்ற. நா எங்கதான் போறது?"

பஸ்ஸில், கோயில் வாசலில், எங்கே போனாலும் ஞானகுமாரி காதிலும் அந்தப் பேச்சு விழத்தான் செய்தது. பத்திரிகையில் யாழ்ப்பாணத்துப் படங்களைப் பார்த்துவிட்டு அவளும் ராத்திரி சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். ஆனால் வார்டுக்குள் நுழைந்ததும் கை தானாக வேலைக்குப் போய்விடும். தான் தமிழச்சி என்பதை மட்டும் தீவான் சிங்கிடம் சொல்லவில்லை. சொந்த ஊரில், சொந்தப் பேச்சை ஒளித்துவைத்துக்கொண்டு நடமாடுவது அவளுக்கு அவமானமாக இருந்தது.

அந்த ஒளிப்பு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. தீபாவளி வந்தது. விடியும் முன்பே சுற்றுப்பட்டுக் குடியிருப்புகளில் வெடிக்கத் தொடங்கிவிட்டார்கள். வார்டில் கட்டில்கள் அதிர்ந்தன. ஒருவன் போர்வைக்குள் சுருண்டுகொண்டான், இன்னொருவன் யாரோ ஒரு தோழனின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். ஞானகுமாரி தீவான் சிங்கைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மதிலுக்கு அந்தப்புறம் ஒரு அணுகுண்டு வெடித்தது. அவளையும் அறியாமல் வாயில் வந்தது:

"ஐயோ அம்மா!"

அவன் உடம்பு விறைத்தது. "நீங்களும் அவங்கதானா?"

இனி மறைத்து என்ன? "நான் தமிழ்தான் தம்பி. இதே ஊர். இப்ப வெடிக்கிறது சண்டை இல்லை. இன்னைக்கு தீபாவளி."

அவன் நம்பாமல் முகத்தைத் திருப்பினான். "விடியக்காலையிலா? தீபாவளின்னா சாயங்காலம்தானே விளக்கேத்தி வெடிப்பாங்க?"

"உங்க ஊர்ல அப்படி. எங்க ஊர்ல எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிட்டு, விடியறதுக்குள்ளே வெடிச்சுடுவாங்க."

அப்போது கெங்கம்மாள் நனைந்த தலையோடு உள்ளே வந்தாள். வரும் வழியில் மதிலோரம் வெடித்த பையன்களைத் துரத்திவிட்டு வந்திருந்தாள். வார்டுக்குள் பேசக்கூடாது என்பதை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு, மடியிலிருந்த அதிரசத்தை எடுத்து ஞானகுமாரியிடம் நீட்டினாள்.

"பேசு கெங்கம்மா. நாம தமிழ்னு அவன்கிட்ட சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா? அப்பாடா!" என்றவள் அவன் கையை விரித்து அதிரசத்தை வைத்தாள். "துன்னு கண்ணு. நா சுட்டதுதான். துப்பாக்கில இல்ல, எண்ணெயில."

தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்று விளக்கி, ஞானகுமாரி அதை இந்தியில் சொன்னாள். அவன் சிரித்தானா அழுதானா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அதிரசத்தைச் சாப்பிட்டான்.

கட்டுப் பிரித்தபோது பார்வை வரவில்லை. இனி வராது என்று டாக்டர் சொன்னார். காலில் தையல் ஆறியும் அவன் கட்டிலை விட்டு இறங்கவில்லை. பாத்ரூம் போவதற்கும் யாராவது தோள் கொடுக்க வேண்டியிருந்தது. ஞானகுமாரி யோசித்துப் பார்த்தாள். பூந்தமல்லியில் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறதே!

சனிக்கிழமை பஸ் ஏறிப் போனாள். தலைமையாசிரியர் கை காட்டிய ஆள் ஜோசப்ராஜ். நாற்பதைத் தாண்டியவர். சின்ன வயதில் அம்மையில் பார்வை போனவர். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "மன்னிக்கணும் மேடம்" என்றார். "ஸ்ரீலங்கா செய்தியைத் தினமும் ஒருத்தர் எனக்குப் படிச்சுக் காட்டறார். அதைக் கேட்டுட்டு அந்தப் பையன் கையைப் பிடிக்க என்னால முடியாது."

"சரி சார்."

"அவன் சுட்டிருப்பான்ல?"

"சுட்டிருப்பான். நான் கேக்கலை."

அவள் திரும்பி வந்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை கெங்கம்மாள் ஓடிவந்தாள். "மேஜரம்மா, கேட்டாண்ட ஒரு சாரு வந்துகினு கீறாரு. கண்ணு தெரியாதாம். ஆனா இன்னா வெரசா நடக்கறாருன்ற! என்னியே முந்திக்கினு வராரு."

ஜோசப்ராஜ் தீவான் சிங்கின் கட்டிலருகே உட்கார்ந்தார். பிறகு, "நான் கேக்கறதை அப்படியே இந்தியில கேளுங்க மேடம். நீ சுட்டியா?" என்றார்.

ஞானகுமாரி தயங்கினாள். பிறகு கேட்டாள்.

தீவான் சிங் சொன்னான்: "சுட்டேன். இருட்டு. யார் மேல பட்டுதுன்னு தெரியாது. தெரிஞ்சா நல்லதா தெரியாம இருக்கறது நல்லதான்னு படுத்துக்கிட்டு யோசிக்கிறேன்."

அவள் அதைத் தமிழில் சொன்னாள். ஜோசப்ராஜ் எழுந்து நின்றார். போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவரோ தன் வெள்ளைக் கோலை அவன் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கிவிட்டார்.

அதற்குப் பின் சனிக்கிழமைதோறும் வந்தார். தீவான் சிங் முதலில் வராந்தாவரை நடந்தான், பிறகு வேப்பமரம்வரை. கெங்கம்மாள் பக்கத்தில் நடந்துகொண்டே பள்ளம் மேடு சொல்லுவாள். அவளிடமிருந்து அவன் கற்றதெல்லாம் மண்ணூர்பேட்டைத் தமிழ். டேராடூனில் பார்வையிழந்த வீரர்களுக்கான பயிற்சிக்கு அவனை அனுப்பிய அன்று, ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் அவள் பக்கம் திரும்பி, "வர்ட்டா கெங்கம்மா?" என்றான். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

பையன் போன பிறகும் ஜோசப்ராஜ் ஆவடிக்கு வருவது நிற்கவில்லை. வேறு நோயாளிகளுக்குப் பாட்டுப் பாடிக் காட்ட வந்தார், பேச்சுத் துணைக்கு வந்தார். கடைசியில் காரணம் எதுவும் சொல்லாமலே வந்தார். ஞானகுமாரி அவரைப் பூந்தமல்லி பக்கத்துக் குமணன்சாவடிவரை கொண்டுவிடப் போவாள். பெங்களூர் லாரிகளின் இரைச்சலில் இருவரும் டீ குடிப்பார்கள். அங்கேதான் ஒரு நாள் கேட்டார்.

"ஞானம், என்னைக் கட்டிக்க உங்களுக்குச் சம்மதமா?"

அவளுக்குச் சம்மதம்தான். ஆனால் ராணுவ நர்ஸ் கல்யாணம் செய்துகொண்டால் அவளை வேலையிலிருந்து அனுப்பிவிடலாம் என்று அந்நாளில் ஒரு விதி இருந்தது. அதைச் சொன்னாள். "விட்டுடறேன் சார். இருபத்திரண்டு வருஷம் செஞ்சாச்சு, போதும்."

ஜோசப்ராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "போதும்னு சொல்லும்போது உங்க குரல் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் கேட்டுது. வேணாம். விடாதீங்க."

அந்த வருஷமே ஜம்முவுக்கு மாற்றல் வந்தது. அவர் ஒரு சின்ன டேப் ரெக்கார்டர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அதன்பின் ஆறேழு வருஷம் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் கேசட்டில்தான். ஜம்முவின் குளிர், தேஜ்பூரின் மழை, புதிதாக வந்த நர்ஸுப் பெண்களின் குறும்பு எல்லாவற்றையும் அவள் பேசி அனுப்புவாள். அவர் பூந்தமல்லியின் சத்தங்களைப் பதிந்து அனுப்புவார். பள்ளி மணி, மீன்காரியின் கூவல், தூரத்து மாதாகோயில் பாட்டு. வடக்கே எங்கோ ஓர் அறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஊரைக் காதால் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலங்களில் அவளுக்கு அழுகை வரும். ஆனாலும் போட்ட கேசட்டையே மறுபடி போடுவாள்.

93-இல் சகாயம்மாள் செத்துப்போனாள். தந்தி கிடைத்து, ரயில் பிடித்து ஞானகுமாரி வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. கல்லறைக்கு அவளை அழைத்துப்போனவர் ஜோசப்ராஜ். அம்மாவின் கடைசி வாரங்களில் தினமும் வந்து உட்கார்ந்திருந்தவரும் அவர்தான் என்று கெங்கம்மாள் சொல்லித்தான் தெரிந்தது. கல்யாணக் கோலத்தில் மகளைப் பார்க்காமலே அம்மா போய்விட்டாள் என்ற குறை மட்டும் ஞானகுமாரிக்கு அதன்பின் என்றும் ஆறவில்லை.

95-இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். லெப்டினன்ட் கர்னலாகி, பெரியதோர் ஆஸ்பத்திரிக்கு மேட்ரனாக இருந்தாள் அப்போது. சுற்றறிக்கையைப் படித்துவிட்டு எஸ்டிடி பூத்துக்குப் போய்ப் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். ஜோசப்ராஜைக் கூட்டிவந்தார்கள்.

"சார், கல்யாணம் பண்ணிக்கலாமாம்."

மறுமுனையில் அவர், "யாரு, பொதுவாவா?" என்றார்.

"பொதுவாவும்தான். நம்மளும்தான்."

பூந்தமல்லி மாதாகோயிலில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குத் தலை முழுக்க நரை. பெண்ணுக்கு அரக்குப் பட்டு கட்டிவிட்ட கெங்கம்மாள், "இம்மா நாளு யூனிபாரத்துலயே பாத்துட்டு, இப்ப ஆளே அடையாளம் தெர்ல" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். லீவு முடிந்ததும் ஞானகுமாரி மறுபடி ரயிலேறினாள். இன்னும் நாலு வருஷம் மீதி இருந்தது.

99-இல் ஞானகுமாரி ஓய்வு பெற்றதும், இருவரும் அம்மா இருந்த கள்ளிக்குப்பம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கர்னல் ஆகிவிட்டாள் என்று எத்தனை முறை ஜோசப்ராஜ் சொன்னாலும் தெருவில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்களுக்கு அவள் மேஜரம்மாதான். ரத்த அழுத்தம் பார்க்கவும், டாக்டர் சொன்னதை விளங்கிக்கொள்ளவும் சாயங்காலம் ஆனால் யாராவது வருவார்கள். ஆள் வராத நாட்களில் அவளுக்குப் பொழுது போகாது. காலையில் ஜோசப்ராஜ் பள்ளிக்குக் கிளம்பும்போது அவளும் செருப்பைப் போட்டுக்கொள்வாள். பஸ் ஸ்டாப்வரைக்கும்தான் என்பாள். பஸ் வந்ததும், அவருக்கு முன்னால் அவள் ஏறிவிடுவாள்.