எடுப்பு இல்லாத நாளின் பாடம்

சத்துணவுச் சமையலில் உப்புக்கும் முந்தியது ஆள் கணக்கு. அது தப்பினால் ருசி இருந்தும் பயனில்லை. பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டவர்களுக்கும், பாடம் சொன்னவர்களுக்கும், பெற்று வளர்த்தவர்களுக்கும் இந்தப் பாடு தெரியும். அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

பள்ளி திறந்த இரண்டாம் வாரம், திங்கட்கிழமை. போடியிலிருந்து குரங்கணி போகும் சாலையில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் எங்கள் தொடக்கப் பள்ளி இருக்கிறது. அன்று வந்திருந்தவர்கள்: பெரிய டீச்சர், சின்ன டீச்சர், சமையலுக்கு நான், உதவிக்கு ராமுத்தாய், பிள்ளைகள் பத்தொன்பது. அதில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஒன்பது. எங்கள் வீட்டைப் போலத் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகள் நான்கு. மேலே காட்டுக்குடியிலிருந்து இறங்கி வருகிறவர்கள் மூன்று. அவர்கள் தங்களுக்குள் பேசுவது தனிப் பேச்சு. மலையாளத்து அம்மாவின் மகன் ஒருவன். மீதி இருவர் அன்றுதான் புதிதாகச் சேர்ந்தார்கள்: ஒன்பது வயது புத்னியும் அவள் தம்பி சோம்ராவும். ஜார்க்கண்டிலிருந்து ஏலத் தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். அவர்கள் பேசியது எந்தப் பாஷை என்று அன்று எங்களில் யாருக்கும் தெரியாது.

மூன்றாவது ஒன்றாம் வகுப்பு

புத்னியின் அப்பா நான்கு வருடமாக இந்த மலைகளில் வேலை செய்கிறவர். தட்டுத் தடுமாறித் தமிழ் பேசுவார். மகள் படித்த கதையை அவர்தான் சொன்னார். சொந்த ஊரில் இந்தியில் ஒன்றாம் வகுப்பு. பிறகு பூப்பாறைப் பக்கத் தோட்டத்துக்கு வந்தபோது மலையாளத்தில் ஒன்றாம் வகுப்பு. கூட்டி வந்த ஏஜெண்டு எந்தத் தோட்டத்துக்கு அனுப்புகிறாரோ அங்கே போக வேண்டும். இப்போது எங்கள் பக்கம்.

வயதுக்கு ஏற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும் என்பது விதி. பெரிய டீச்சர் நாலாம் வகுப்பு என்றே எழுதினார். ஆனால் அந்தப் பெண் அறைக்குள் வந்து சுற்றிப் பார்த்தாள். பெரிய பிள்ளைகளின் பக்கம் போகவே இல்லை. நேராகப் போய் ஒன்றாம் வகுப்புக் குஞ்சுகளுக்கு நடுவில், கால்களை மடக்கித் தன்னைச் சின்னதாக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். எழுப்பி இடம் மாற்றினால் மறுபடியும் அங்கேயே வந்தாள். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்று புகார் சொன்னான்: "டீச்சர், இந்த அக்கா எங்க எடத்துல ஒக்காந்திருக்கு. வளந்துட்டது தெரியாம வந்துருச்சு போல."

சேட்டு வந்த நாள்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சென்னைக்கு அந்தப் பக்கமிருந்து யார் வந்தாலும் இந்திக்காரர்தான். அவர் என்ன பேசினாலும் அது இந்திதான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சின்ன டீச்சரும் அப்படியே நினைத்து, போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ராஜஸ்தான்காரர் ஒருவரைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கேட்டதும் கடையை ஆளிடம் விட்டுவிட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் பிஸ்கட் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்தார்.

புத்னியை எதிரில் உட்கார வைத்து இந்தியில் பேசினார். பெயர் கேட்டதற்குப் பதில் வந்தது. அப்புறம் கேட்ட எதற்கும் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். நானும் சின்ன டீச்சரும், உறவுக்காரர் வந்தும் இந்தப் பிள்ளை பேச மாட்டேன் என்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்தான் சோம்ராவும் அவளும் கிசுகிசுத்ததைக் காது கொடுத்துக் கேட்டார். பிஸ்கட் பொட்டலத்தை அவள் கையில் வைத்துவிட்டு எழுந்தார். அவர் பேசிய தமிழ் போடித் தமிழ்தான்: "டீச்சரம்மா, இதுக வீட்டுப் பேச்சு முண்டாரி. தோட்டத்து ஆளுக பேசிக் கேட்டிருக்கேன். எனக்கு ஒரு சொல்லுகூட வெளங்கல. இந்தப் பொண்ணுக்கு நீங்க ஒரு வெளியூரு, நான் இன்னொரு வெளியூரு, அம்புட்டுத்தான்."

தட்டுக் கணக்கு

எனக்குக் கூச்சம் அதிகம். டீச்சர்கள் இருக்கும் இடத்தில் நின்று பேசவே வராது. படித்ததெல்லாம் எட்டாம் வகுப்பு வரை, தமிழில். ஆனால் எண்ணும்போது மட்டும் வாய் தானாக வீட்டுத் தெலுங்குக்குப் போய்விடும். தட்டுகளை அடுக்கும்போது ஒகட்டி, ரெண்டு, மூடு என்று முணுமுணுத்துக்கொண்டே அடுக்குவேன். தமிழில் எண்ணினால் நடுவில் ஒன்று விட்டுப் போன மாதிரி இருக்கும். கணக்கு வாத்தியாரிடம் அடி வாங்கிய காலத்திலும் அப்படித்தான்.

புத்னி தண்ணீர் குடிக்க வந்து நின்றவள் என் வாயையே பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளும் ஒவ்வொரு தட்டாகத் தொட்டு, மியாத், பாரியா, ஆப்பியா, உபுனியா என்று எண்ணினாள். பள்ளிக்கு வந்த ஒன்பதாம் நாள் அவள் குரலைக் கேட்டேன். கணீர் என்ற குரல். அவள் எண்ணி முடிக்க, நானும் முடிக்க, இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு. வாசலில் நின்ற சின்ன டீச்சரை நான் அப்போதுதான் பார்த்தேன். முகம் ஒரு மாதிரி இருந்தது. அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "இவளுக்குக் கணக்குத் தெரியாதுன்னு நேத்துத்தாங்க்கா எழுதி வச்சேன்."

சுக்மதி

அடுத்த சனிக்கிழமை சின்ன டீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டு புத்னி வீட்டார் இருந்த தோட்டத்து லயத்துக்கு, கூலியாட்களின் வரிசை வீடுகளுக்குப் போனார். புத்னியின் அம்மா பெயர் சுக்மதி. ஏலக்காய் எல்லாம் ஒரே நாளில் விளைந்துவிடாது. ஒரு சுற்று எடுத்து முடித்தால், அடுத்த சுற்றுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நடுவில் களை, உரம் என்று சோலி இருந்தாலும், பெண்களுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் காய் எடுப்பு இல்லாத நாளாகக் கிடைக்கும். அந்த நாட்களில் ஒரு மணி நேரம் பள்ளிக்கு வந்து, பாடத்தைப் பிள்ளைகளுக்கு அவர்கள் பேச்சில் சொல்ல முடியுமா என்று டீச்சர் கேட்டார். சுக்மதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். தான் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை என்று புருஷன் மூலம் சொன்னாள். ஆனாலும் வருவதாகச் சொன்னாள். ஒரு வருடம் ஒரே இடத்தில் இருந்தால் போதும், புத்னியை வாசிக்க வைத்துவிடுவேன் என்று டீச்சர் சொன்னார். அது ஏஜெண்டு கையில் இருக்கிறது என்றார் புருஷன்.

சுக்மதி வந்தாள். டீச்சர் படத்தைக் காட்டுவார். சுக்மதி அதைத் தன் பேச்சில் கதையாகச் சொல்வாள். புத்னியும் சோம்ராவும் வாய் ஓயாமல் கேள்வி கேட்பார்கள். கதை முழுதும் புரிந்த பிறகே டீச்சர் பலகையில் தமிழ்ச் சொல்லை எழுதுவார். வந்ததும் வராததுமாகத் தமிழைத் திணிக்காமல் இப்படிச் சுற்றி வளைக்கிறாரே என்று எனக்கே தோன்றியது. தெரிந்த வீட்டில் நின்றுதானே தெரியாத வீட்டுக்கு வழி கேட்க முடியும் என்றார் டீச்சர்.

ஒரு நாள் கரடிக் கதை. சுக்மதி கரடி மாதிரியே நடந்து காட்ட, அறை முழுக்கச் சிரிப்பு. காட்டுக்குடிப் பிள்ளைகளில் வள்ளி என்று ஒருத்தி. இரண்டு வருடமாகப் பள்ளிக்கு வருகிறாள். வருகைக்குச் சொல்லும் உள்ளேன் தவிர வேறு வார்த்தை வந்ததில்லை. மந்தமான பிள்ளை என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்து வைத்திருந்தோம். அன்று அவள் கையைத் தூக்கினாள். "டீச்சர், எங்க குடியில கரடிக்கு வேற பேரு. அது தேன் திங்கிற கதையும் இருக்கு. எங்க பேச்சுல சொன்னா அடிக்க மாட்டீகளே?"

வீட்டில் கிடக்கும் பாஷை

ஜீப்பு ஓட்டும் பாண்டியின் மகள் கவிதா இரண்டாம் வகுப்பு. பெற்றோர் கூட்டத்தில் பாண்டிதான் முதலில் எழுந்தான். சண்டைக்காரன் இல்லை, பிள்ளை மேல் உயிர். பிள்ளை வீட்டுக்கு வந்து மியாத் பாரியா என்று எண்ணுகிறது, கரடி மாதிரி நடக்கிறது, இங்கிலீசு சொல்லிக் கொடுங்கள் என்றால் ஊர் பேர் தெரியாத பாஷையெல்லாம் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்றான். கவிதா தமிழில் நன்றாக வாசிக்கிறாள், கேட்டதற்குச் சொந்தமாகப் பதில் எழுதுகிறாள், அது பெரிய விஷயம் என்று சின்ன டீச்சர் பொறுமையாகச் சொன்னார். நோட்டை எடுத்தும் காட்டினார். பாண்டி அதை மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அடுத்த வாரம் கவிதாவும், அவளோடு அந்தத் தெருப் பிள்ளைகள் இருவரும் போடி இங்கிலீசுப் பள்ளிக்கூட வேனில் ஏறினார்கள். போகும்போது பாண்டி என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனான்: "நம்ம பாஷை எங்கக்கா போயிரப் போகுது? அது பாட்டுக்கு வீட்டுல கெடக்கும். வெளிய கெடைக்கிறதத்தான வெளிய வாங்கணும்."

மழைப் பாட்டு

ஐப்பசியில் ஒரு மாலை, வேன் நிற்கும் இடத்தில் கவிதாவைப் பார்த்தேன். டை கட்டியிருந்தாள். பெரியம்மா என்று ஓடி வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். புதுப் பள்ளியில் என்ன படித்தாய் என்று கேட்டேன். கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஒரு இங்கிலீசுப் பாட்டை மூச்சு விடாமல் சொன்னாள். எனக்கு அதில் மழை என்ற ஒரு சொல் மட்டும் தெரியும். முன்பெல்லாம் சமையல் கட்டு வாசலில் நின்று, சாம்பாரில் ஏன் இன்று முருங்கைக்காய் இல்லை என்று தொடங்கி ஓராயிரம் கேட்கிற பிள்ளை அவள். மழை என்ன செய்கிறதாம், போகிறதா வருகிறதா என்று கேட்டேன். அவள் வேனை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "அர்த்தமெல்லாம் கேக்கக் கூடாது பெரியம்மா. நிறுத்தாமச் சொல்லணும், அவ்வளவுதான்."

ஜீப்பு

கார்த்திகை பிறக்கும்போது புத்னி ஒன்றாம் வகுப்புப் பக்கத்திலிருந்து தானாகவே எழுந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பக்கம் போயிருந்தாள். தமிழில் ஒரு பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசித்து, அதை அம்மாவுக்கு முண்டாரியில் சொல்வாள். சுக்மதி அதைக் கேட்டுத் திருத்துவாள். எதைத் திருத்தினாள் என்று எங்களுக்குத் தெரியாது. தை பிறப்பதற்குள் தடங்கலில்லாமல் வாசிப்பாள் என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலையில் வருகை எடுத்துக் கணக்குச் சொல்லியாகிவிட்டது. முட்டையை அவித்து இறக்கி வைத்திருந்தேன். பதினொரு மணிக்குப் பாண்டியின் ஜீப்பு வாசலில் வந்து நின்றது. மூட்டைகளோடு சுக்மதியும் புருஷனும் இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள். கேரளாவில் சாந்தன்பாறைப் பக்கம் எடுப்புக்கு ஆள் பற்றவில்லை, ஏஜெண்டு எல்லாரையும் அன்றைக்கே ஏறச் சொல்லிவிட்டாராம். சின்ன டீச்சர் செருப்புக்கூடப் போடாமல் ஓடிப் போய், பிள்ளைகளை மட்டும் பரீட்சை வரை விட்டுப் போங்கள், என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். சுக்மதி இறங்கி வந்து டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பாஷையில் நிறையச் சொன்னாள். டீச்சர் புத்னியைப் பார்த்தார். புத்னி அதைத் தமிழில் சொன்னாள். அங்கே போயும் எடுப்பு இல்லாத நாளில் வகுப்புக்கு வந்து கதை சொல்கிறேன் என்று அந்த ஊர் டீச்சரிடம் அம்மா கேட்க வேண்டுமாம். அதை மலையாளத்தில் எப்படிக் கேட்பது என்று கேட்கிறாளாம். சின்ன டீச்சருக்கு மலையாளம் தெரியாது. எனக்கும் தெரியாது. மலையாளத்து அம்மாவின் மகனைக் கூப்பிட்டார்கள். அவன் சொல்லச் சொல்ல, சுக்மதி உதட்டை அசைத்து அசைத்துப் பார்த்தாள். பாதியில் பின்னால் வந்த பஸ்சு ஆரன் அடித்தது.

பாண்டி, வெரசா ஏறுங்க என்றான். அவனுக்கும் மனசில்லை, ஸ்டியரிங்கைப் பார்த்தே பேசினான். அங்கே எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்று டீச்சர் அவனிடம் கேட்டார், ஏதோ அவன் கையில் இருப்பதுபோல. "அங்கிட்டு மலையாளம்ல டீச்சர்? மொதல்ல இருந்துதான். ஒண்ணாப்புலதான் ஒக்கார வைப்பாக."

ஐந்து பாஷை பேசிய எங்கள் பள்ளிக்கூடத்தில், வேனுக்கு மூன்றும் ஜீப்புக்கு இரண்டும் போக, அன்று உட்கார்ந்து சாப்பிட்டது பதினான்கு பிள்ளைகள். அவித்ததில் மீந்தது இரண்டு முட்டை.