நான்காம் மாடி மணி

2006 ஜூன் 12, திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பினேன். சட்டை தேய்த்தேன். இரண்டு இட்லி. கோச்சடை நிறுத்தத்தில் பேருந்து ஏறும்போதே டீம் லீடரிடமிருந்து போன்: "மாப்ள, நேரா சேலைக் கடைக்கு வந்துரு."

கல்லூரியில் என்னோடு படித்தவன்தான் அவன். அந்தக் கடைக்கு நாங்கள் செய்து கொடுத்த புரோகிராமில் மாடிக்கு ஒரு பட்டன். கீழே பில் போட்டதும் அழுத்தினால் அந்த மாடியில் மணி அடிக்கும், சேலைக் கட்டு இறங்கும். அன்று எல்லா மணியும் நான்காம் மாடியிலேயே அடித்தது. வைகாசிக் கல்யாணக் கூட்டம் கீழே கத்திக்கொண்டிருந்தது. பில் போடும் பெண்ணை நாற்காலியிலிருந்து எழுப்பி வாசலோரம் நிற்க வைத்திருந்தார் மேலாளர்.

"அந்தப் பொம்பள மாத்தி மாத்தி அமுக்குது சார்," என்றான் டீம் லீடர், டீ குடித்துக்கொண்டே.

"நாளையிலிருந்து வேற ஆள் பாத்துக்கிறேன்," என்றார் மேலாளர்.

அந்தப் பெண் என்னிடம் வந்தார். "அண்ணே, நான் ரெண்டைத்தான் அமுக்குனேன். வேணும்னா நீங்களே அமுக்கிப் பாருங்க."

அமுக்கினேன். இரண்டு, ஒன்று, மூன்று. நான்காம் மாடியிலிருந்து ஒரு குரல்: "எம்புட்டுத் தடவைய்யா அடிப்பீங்க? இங்க ஒரு கட்டும் இல்ல!"

புரோகிராமைத் திறந்து உள்ளே எழுதியிருந்ததைப் பார்த்தேன். பட்டனை அழுத்தும்போது என்ன நடக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே ஒப்படைத்து வைக்கும் ஏற்பாடுதான் டெலிகேட். அதற்காக மாடிக்கு ஒன்றாக நான்கு மெத்தட்களை, அதாவது கட்டளைத் தொகுப்புகளை, பெயர் வைத்து எழுதியிருந்தேன். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை டீம் லீடர் அவற்றையெல்லாம் அழித்துவிட்டு, புதிதாக வந்த வசதி என்று, மாடி மாடியாகத் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு லூப்புக்குள் பெயரில்லாத மெத்தட் ஒன்றை எழுதியிருந்தான். அது மாடி எண்ணைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளாது, சுற்றுக்குச் சுற்று எண் மாறிக்கொண்டே வரும் லூப்பின் மாறியையே பிடித்துக்கொள்ளும். லூப் முடியும்போது மாறியில் நிற்பது நாலு. பிறகு எந்தப் பட்டனை அழுத்தினாலும் நாலுதான். அவன் சோதித்ததோ நாலாவது பட்டனை மட்டும்.

லூப்புக்குள் புதிய மாறி ஒன்றை வைத்து அந்தந்தச் சுற்றின் மாடி எண்ணை அதில் எடுத்து வைத்தேன். மணிகள் சரியாயின.

"மேலாளர்கிட்டச் சொல்லு," என்றேன்.

"லூசா நீ? நம்ம தப்புன்னா அடுத்த ஆர்டர் தர மாட்டாரு. ஆபரேட்டருக்குப் பழக்கம் பத்தலைன்னு சொல்லிட்டேன். விடு மாப்ள."

பிழை யாருக்கும் வரும். தெரிந்த பிறகும் அதை ஒரு பெண்ணின் பிழைப்பில் கொண்டுபோய் ஒட்டிவிட்டு, இன்னொரு டீ சொல்கிறானே!

மறுநாள் காலை முதல் வேலையாக, கடை திறந்ததும் என் திருத்தத்தை எடுத்துவிட்டு அவன் எழுதியதையே திரும்ப ஏற்றினேன். மேலாளரை அந்தப் பெண்ணின் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"ரெண்டை அமுக்குங்க சார்," என்றேன்.