சொறியாத ஐயாசாமி

மலாயாவில் லாபிஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் துரையின் நாயைக் கவனிக்கும் உத்தியோகம் ஐயாசாமியுடையது. பிரின்ஸ் என்னும் அந்த நாய் எலி தேடிப் பங்களாத் தோட்டமெங்கும் குழி பறிக்கும்; பின்னாலேயே போய் இவர் கையால் மண்ணள்ளி மூடுவார். நிர்வாகம் இப்படித்தான் நடந்துவந்தது.

ஒரு மழைக்காலத்தில் இவருடைய முழங்கைக்குக் கீழே வட்டமாக ஒரு தடிப்பு கிளம்பிற்று. ஓரம் சிவப்பு, நடுவில் வெளுப்பு, உயிர் போகிற அரிப்பு. ஆனால் பங்களாவில் சொறிகிறவனுக்கு வேலை கிடையாது. முந்தைய சமையற்காரன் அப்படிச் சொறிந்துதான் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போனான். ஆகவே ஐயாசாமி சொறிவதில்லை என்று முடிவெடுத்தார். மனைவி கருப்பாயி முன்னால்கூடச் சொறியவில்லை.

காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து கொடுக்க வந்த தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் மரியநாதன் வட்டத்தைப் பார்த்துவிட்டார்.

"அரிக்குதா?"

"சுத்தமா இல்லைங்க ஐயா."

டிரசரின் முகம் மாறியது. கண்ணை மூடச் சொல்லி, ஊசியால் குத்தினார். ஐயாசாமி அசையவில்லை. இன்னும் ஆழமாகக் குத்தினார். ரத்தம் வந்தது. ஐயாசாமி புன்னகை செய்தார்.

பரீட்சையில் தேறிவிட்டதாகவே எண்ணி வீடு திரும்பினார். உணர்ச்சியில்லாத வெள்ளைத் தேமல் குஷ்டத்தின் அடையாளம் என்பது, ஜொகூர் பாருவிலிருந்த குஷ்டரோகிகள் விடுதிக்கு அனுப்ப மாட்டுவண்டி வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. அங்கே அடைக்கப்பட்டவர் யாரும் திரும்பியதில்லை. கருப்பாயி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அரிக்குதுங்க ஐயா. ராத்திரி பகலா அரிக்குது. ஊசியும் வலிச்சுதுங்க" என்று ஐயாசாமி டிரசரிடம் கெஞ்சினார்.

"வண்டியைப் பாத்தா எல்லாருக்கும்தான் அரிக்கும். ஏறு" என்றார் டிரசர்.

துரையும் மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியபடி வந்து தூரத்தில் நின்றார். ஐயாசாமி ஒரு காலைத் தூக்கி வண்டியில் வைத்தார். அப்போது துரையோடு வந்த பிரின்ஸ் ஓடிவந்து சக்கரத்தில் காதை உரசியது. போதாமல் உட்கார்ந்து பின்னங்காலால் பிறாண்டியது. காதுக்குப் பின்னால் முடி உதிர்ந்து, அதே வட்டம், அதே சிவந்த ஓரம். டிரசர் குனிந்து, அதே ஊசியால் குத்தினார். பிரின்ஸுக்குப் பங்களாச் சட்டம் தெரியாது. கடித்துவிட்டது.

மரியநாதன் விரலை உறிஞ்சியபடி நாயின் காதையும் ஐயாசாமியின் கையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நாய்க்குக் குஷ்டம் வராது. இது படர்தாமரை. ரெண்டு பேரும் ஒரே மண்ணைக் கிளறி ஒட்டிக்கிட்டது. அரிச்சா சொல்றதுக்கென்னய்யா?"

கருப்பாயி சக்கரத்தை விட்டாள். ஐயாசாமி காலைக் கீழே இறக்கி, துரை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆசை தீரச் சொறிந்தார். பக்கத்தில் பிரின்ஸும் சொறிந்துகொண்டிருந்தது. இருவரில் ஒருவரை மட்டும் வேலையைவிட்டு நீக்குவதற்குத் துரைக்கு வழி தெரியவில்லை.