ஏழு பேர் காட்டிய பன்றி

"பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா சுத்தி எழுதிகினு வர்றியே, அதப் படிச்சிட்டு எவனாச்சும் ஒரு பெஞ்சையாவது நவுத்திப் போட்டிருக்கானா?"

அக்காவின் கணவர் தறியை நிறுத்திவிட்டு இப்படிக் கேட்டார். பொதட்டூர்பேட்டையில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். திருத்தணியிலிருந்து ரயிலேறி, சென்னையில் ஒரு கல்வி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வேலைக்குப் போகிறேன். அரசுப் பள்ளிக் குழந்தைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று சோதித்து அறிக்கை தருவோம். எந்தக் குழந்தைக்கு என்ன செய்வது என்பதை அதிகாரிகள் அதை வைத்து முடிவு செய்வார்கள். "நவுத்துவாங்க பாவா, பாருங்க" என்றேன், கொஞ்சம் திமிராகவே.

போன மாதம் ஆர்.கே.பேட்டையைத் தாண்டி எல்லையோரப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பைச் சோதித்தோம். அட்டையில் ஒரு சொல் இருக்கும், கீழே நான்கு படங்கள். சொல்லைப் படித்து, அதற்குரிய படத்தைத் தொட வேண்டும். ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி "பந்தி" என்று கணீரென்று படித்தாள். இலை போட்டு வரிசையாகச் சாப்பிடுகிறவர்களை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த பன்றியைத் தொட்டாள்.

என்னோடு வந்திருந்த களப்பணியாளர் சென்னைக்காரர். சிரித்துவிட்டார். "இதுங்கள கல்யாணத்துக்குக் கூப்ட்டா பன்னிப்பட்டியில போய் உக்காந்துக்கும் போல மேடம்!" சிறுமியின் பெயருக்கு நேரே 'பொருள் புரியவில்லை' என்று குறித்தார். அன்று ஏழு பேர் பன்றியைத் தொட்டார்கள். அந்த ஒரு தவறே அவர்களை மெல்லக் கற்போர் பட்டியலில் சேர்க்கப் போதுமானதாக இருந்தது. பட்டியலில் இருப்பவர்களைத் தனியே உட்காரவைத்து, மறுபடி அ, ஆ எழுத வைப்பார்கள்.

தெலுங்கில் பந்தி என்றால் பன்றி. எங்கள் வீட்டுப் பேச்சும் அதுதான். அந்த ஏழு பேருக்கும் சொல் புரிந்துதான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. ஆனால் படிவத்தில் 'வீட்டுமொழி' என்ற கட்டத்தில் வகுப்பு முழுக்கத் தமிழ் என்றே இருந்தது.

"எல்லாருக்கும் அப்டித்தாம்மா போடுவோம், தமிழ் மீடியமாச்சே" என்றார் தலைமையாசிரியை. மகளை அழைத்துப்போக வந்த சிறுமியின் அம்மாவிடம் தெலுங்கில் கேட்டேன். தமிழில் பதில் சொன்னார். "தமிழுன்னே எழுதிக்குங்க மேடம். தெலுங்குன்னா புள்ளய ஒதுக்கி உக்கார வெச்சிருவாங்க."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பள்ளியில் கேட்டால் தமிழ் என்று சொல்லும்படி நைனா எனக்கும் சொல்லித்தான் அனுப்பினார். நானும் அப்படியே சொன்னேன்.

அலுவலகத்தில் திட்டத் தலைவர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் எனக்கு எரிச்சலூட்டியது. "ஒரு சொல்லுக்காக அட்டைய மாத்தினா, மத்த மாவட்டங்களோட எப்படிம்மா ஒப்பிடறது? அடுத்த சுற்றுல பாக்கலாம்."

"அடுத்த சுற்று வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணு அஞ்சாவது போயிருவா சார்."

"சரி, ஒரு அடிக்குறிப்பு போட்டுடு."

இந்த வேலையில் எத்தனையோ அடிக்குறிப்புகள் எழுதியிருக்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று ஒருவர்கூடத் திரும்பிக் கேட்டதில்லை. சமத்துவம் என்ற சொல்லை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுவோம். ஏழு குழந்தைகள் கடைசிப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில்.

புதன்கிழமை விடுப்பு எடுத்தேன். பெற்றோரிடமும் தலைமையாசிரியையிடமும் அனுமதி வாங்கி, இரண்டு மொழியிலும் குழப்பம் தராத சொற்களாகப் பார்த்து அட்டை எழுதிக்கொண்டு போனேன். அந்த ஏழு பேரில் ஆறு பேர் சரியாகத் தொட்டார்கள், ரெட்டைச் சடைக்காரிதான் எல்லாரையும்விட வேகம். ஒரு பையனுக்கு மட்டும் நிஜமாகவே எழுத்து கூட்டத் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் என் குறிப்பில் எழுதினேன்.

அந்தப் பள்ளியின் பட்டியலில் மேற்பார்வையாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. நேற்று என் இரண்டு பக்கக் குறிப்பை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கொடுத்தேன். "இது எந்த ஃபைல்ல சேர்றதுன்னே தெரியலியேம்மா" என்றார் மேசையில் இருந்தவர். எனக்கும் தெரியவில்லை. நகலில் தேதி போட்டு முத்திரை குத்தித் தரும்வரை அவர் எதிரிலேயே நின்று, வாங்கிக்கொண்டு வந்தேன்.