விலைக்கு வந்த வீடுகளும் என் அம்மாவும்

கடுக்காய் ஊறிய தண்ணீரை நீர்த்த சுண்ணாம்பில் ஊற்றினால் ஒரு வாசனை கிளம்பும். பழைய வெல்லப் பானையைத் திறந்தது போலக் கொஞ்சம் இனிப்பு, தொண்டையில் ஒட்டும் துவர்ப்பு, மூக்குக்குள் சுருக்கென்று ஒரு காரம். அந்தக் கடுக்காய் வெள்ளிமலையிலிருந்து காலை பஸ்ஸின் கூரை மேல் மூட்டையாக வந்து இறங்கும். அதை உடைத்து ஊறவைத்து, அந்தத் தண்ணீரை விட்டுச் சுண்ணாம்பை அம்மியில் வெண்ணெயாக அரைத்து அரைத்து, ஒரு வருஷம் தை தொடங்கிச் சித்திரை வரைக்கும் என் அம்மாவின் உள்ளங்கை வெந்து தோல் உரிந்து கிடந்தது. எத்தனை தரம் கழுவினாலும் அவள் பிசைந்து கொடுத்த சோற்றில் அந்த வாசனை இருந்தது. பழைய வீடுகளைப் பற்றி இன்று யாராவது உருகிப் பேசினால் எனக்குத் தூணும் கதவும் நினைவுக்கு வருவதில்லை, அந்தக் கைதான் வருகிறது.

எங்கள் ஊர் நைனார்பாளையத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. ஊர் ஒரு பக்கம், எங்கள் காலனி ஒரு பக்கம், நடுவில் ஓடை. அப்பா கரும்பு வெட்டப் போவார். அம்மா களை பறிப்பாள், நாற்று நடுவாள், ஊருக்குள் இருந்த "பெரிய வூட்டு" மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளுவாள். இத்தனை வேலைக்கு நடுவிலும் அவளுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. சிலருக்குச் சினிமா, சிலருக்குத் திருவிழா, என் அம்மாவுக்கு வீடு பார்ப்பது. பழைய வீடு, அழகான வீடு, அதிலும் விலைக்கு வந்த வீடு.

விலைக்கு வந்த வீடு என்றால் ஏன் அத்தனை குஷி என்று ஒருநாள் கேட்டேன். "இருக்கிற வூட்டுக்குள்ள நம்மள வுடமாட்டாங்க. விக்கிறன்னு சொல்லிட்டா அப்புறம் அது கடைதான? கடைக்கு யாரு வேணா போலாம்" என்றாள். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். அந்த நியாயத்தை நம்பி என்னையும் இழுத்துக்கொண்டு அவள் ஏறாத பஸ் இல்லை.

அது சுற்று வட்டாரத்துப் பண்ணைக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக மெட்ராசுக்குக் குடிபோன காலம். எந்த வீடு விலைக்கு வருகிறது என்கிற சேதி முதலில் டீக்கடைக்கு வரும், அங்கிருந்து அப்பா மூலமாக அம்மாவுக்கு வரும். உடனே அவள் பெட்டியைத் திறந்து கல்யாணச் சேலையை எடுத்து உதறுவாள், எனக்கு எண்ணெய் வழிய ஜடை போடுவாள். திருக்கோவிலூரில் ஆற்றுப் பக்கம் ஒரு மாடி வீடு. ஜன்னலுக்கு மேலே அரைவட்டமாகப் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி பதித்திருந்தார்கள், வெயில் அதன் வழியாக இறங்கித் தரையில் கோலமாகக் கிடந்தது. அம்மா அதில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தாள். கள்ளக்குறிச்சியில் ஒரு வீட்டில் மாடிப்படியின் கைப்பிடி முழுக்க ஒரே மரத்தில் இழைத்தது. அதைத் தடவிக்கொண்டே மேலே போனவள் மறுபடியும் இறங்கி வந்து இன்னொரு கையால் தடவிக்கொண்டு ஏறினாள். காவல்காரர் "இன்னாம்மா, வாங்கப் போறியா?" என்று சிரித்தார். "புடிச்சா வாங்குறது, புடிக்கலன்னா வுட்றது" என்று அம்மா முகம் மாறாமல் சொன்னாள்.

வீடு திரும்பினால் அப்பா வாசலில் உட்கார்ந்து காத்திருப்பார். "இன்னிக்கி எந்த பங்களாவ முடிச்சிக்கினு வந்த? நான் எந்த ரூம்ல படுக்கணும்?" என்பார். அம்மாவும் விடமாட்டாள். "காத்து கம்மி, வேணான்னுட்டன்" என்று சொல்லிவிட்டு அடுப்பை மூட்டுவாள். எங்கள் வீட்டுக் கூரையை அந்த வருஷம் மாற்றவில்லை, மழைக்கு மூன்று மூலையிலும் பாத்திரம் வைத்திருந்தோம். அதற்காக அழகைப் பார்க்கக் கூடாது என்று யார் சொன்னது? ஒழுகுகிற வீட்டில் இருப்பவள் தூணைப் பார்த்து வியந்தால் அது பேராசை, மச்சு வீட்டில் இருப்பவர் வியந்தால் அது ரசனை. இந்தக் கணக்கு எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை, புரிந்துகொள்வதாகவும் இல்லை.

அப்படி இருக்கும்போது எங்கள் ஊர்ப் பெரிய வீடே விலைக்கு வந்தது. அந்த வீட்டுக்கு இரண்டு வழி. தெருவைப் பார்த்த முன்வாசல் அவர்களுக்கு. வேலி ஓரமாக, சாக்கடையை ஒட்டிப் போகும் "பின்சந்து" எங்களுக்கு. அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சந்து வழியாகத்தான் கொட்டகைக்குப் போய் வந்தாள். பின்கதவு திறந்திருந்தால் கூடத்தில் ஒரே ஒரு தூண் பாதி தெரியும். மீதிப் பாதியைப் பார்க்க வேண்டும் என்பது அவளுக்கு வருஷக்கணக்கான ஆசை.

கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, முன்வாசலுக்கே போய் நின்றாள். வெளியூரில் செல்லுபடியான தந்திரம் உள்ளூரில் செல்லவில்லை. சாவியை வைத்திருந்த கணக்குப்பிள்ளை எங்களை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா இது புதுப் பழக்கம்? மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னா பின்னால வா" என்றார். அம்மா அந்தச் சேலையோடு பின்சந்து வழியாகப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். திரும்பும்போது என் கையை அவள் பிடித்திருந்த பிடியில் எனக்கு வலித்தது.

முதலில் வந்தவர்கள் வீட்டை வாங்க வரவில்லை, பிரிக்க வந்தார்கள். தூணுக்கு ஒரு விலை, கதவுக்கு ஒரு விலை, உத்தரத்துக்கு ஒரு விலை என்று பேசினார்கள். "வெட்டித் தொங்கவுட்டு வெல சொல்றானுங்க" என்று அம்மா இரண்டு நாள் பொருமினாள். கடைசியில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். அவரை ஊரே "ரயில்வே அய்யா" என்றது. வீட்டை அப்படியே வாங்கினார், கொட்டகையையும் அதிலிருந்த செவலைப் பசுவையும் கன்றையும் சேர்த்து. "எதையும் இடிக்கக் கூடாது, முன்ன எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே எடுத்து நிறுத்தணும்" என்று மேஸ்திரியிடம் சொன்னார். அம்மா அன்றைக்கே சித்தாள் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். வேலை நடக்கிற வீட்டுக்குத் தீட்டு கிடையாது. சுண்ணாம்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டால் முன்வாசல் திறந்துவிடும். கூடம், பூஜை அறை, சமையல்கட்டு, மச்சு, எங்கே வேண்டுமானாலும் போகலாம். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் உள்ளே ஓடுவேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. செல் அரித்த உத்தரத்தை மாற்றினார்கள். காரை உதிர்ந்த சுவர்களைச் செங்கல் தெரியச் சுரண்டிப் புதுக் காரை பூசினார்கள். தூண்களில் யாரோ அடித்து வைத்திருந்த நீலப் பெயிண்டைச் சுரண்டச் சுரண்ட உள்ளிருந்து தேக்கு வந்தது. அம்மா தான் பார்த்திருந்த பாதித் தூணின் மறுபாதியைக் கண்டுபிடித்து எனக்குக் காட்டினாள். அதில் ஒரு கிளி செதுக்கியிருந்தது.

ரயில்வே அய்யாவும் அம்மாவைப் போலவே ஒரு வீட்டுப் பைத்தியம். திருக்கோவிலூர் வண்ணக் கண்ணாடி வீட்டைப் பற்றி அம்மா சொன்னபோது அவருக்குக் கண் விரிந்துவிட்டது. "நீ பாத்தியா அத? நானும் பாத்தேன்மா, வாங்க முடியல" என்றார். இருவரும் வேலையை நிறுத்திவிட்டு அந்த ஜன்னலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஊரில் அம்மாவின் பைத்தியத்தைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான். அதனால்தான் அவர் பின்னால் சொன்னது எனக்கு அவ்வளவு கசந்தது.

கூடத்துச் சுவரின் கடைசிப் பூச்சுக்கு அரைத்தது முழுக்க அம்மா. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்து, கொத்தனார் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து, ஈரம் காயாமல் இருக்க நனைந்த சாக்கைப் போட்டு மூடிவிட்டார்கள். சாக்கை எடுத்தால் சுவரில் முகம் தெரியும் என்று கொத்தனார் சொன்னார். அம்மா தினமும் அந்தச் சாக்கில் தண்ணீர் தெளித்தாள். வைகாசியில் புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்தார்கள். முதல்நாள் மாலை, சாக்கை எடுக்கும் முன்பே, வேலையாட்களை வெளியே அனுப்பிவிட்டு வீட்டைக் கழுவித் தீட்டுக் கழித்தார்கள். "நாளைக்கிப் பந்தல்ல வந்து இருங்க. வேட்டி சேலை, சாப்பாடு எல்லாம் பந்தல்லயே. தப்பா எடுத்துக்காதம்மா, ஊர் வழக்கம்" என்றார் ரயில்வே அய்யா. அம்மா அம்மியைக் கழுவிச் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள்.

அன்று சாப்பிடும்போது அப்பா, "வுடு, நீ பாக்காத சொவரா?" என்றார். "பாக்கல. அரைச்சன், தெளிச்சன். பாக்கல" என்றாள் அம்மா.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் பந்தலில் கூட்டம். முதலில் பசுவும் கன்றும் உள்ளே போக வேண்டும், பிறகு வீட்டுக்காரர்கள். செவலைக்குக் கொம்பில் மஞ்சள், கழுத்தில் மாலை. யாரோ உறவுக்காரப் பையன் கயிற்றைப் பிடித்து இழுத்தான். பிறந்ததிலிருந்து பின்சந்து வழியாகவே போய் வந்த மாட்டுக்கு முன்வாசல் என்றால் என்ன தெரியும்? மெழுகு மாதிரி மினுங்கிய படியைப் பார்த்ததும் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். கொம்பை ஒரு ஆட்டு ஆட்டியதில் பூரண கும்பம் வைத்திருந்த அம்மாளே பந்தல் ஓரத்துக்குப் போய்விட்டாள். ஐயர் "முகூர்த்தம் போறது" என்று அவசரப்படுத்தினார்.

"அந்த சித்தாளக் கூப்புடு, அவகிட்டதான் அது அடங்கும்" என்று யாரோ கத்தினார்கள். அம்மா போனாள். கழுத்துக்கடியில் சொறிந்தாள், செவலை அமைதியானது. "படி மேல ஏத்தி வுட்டுட்டு நீ எறங்கிடு" என்றார் கணக்குப்பிள்ளை. புது எஜமானர் பக்கத்திலும் அவர் வந்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா கயிற்றைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டாள். "நான் முன்னால போனாத்தாங்க அது வரும். நான் வரக்கூடாதுன்னா சொல்லுங்க, கொட்டாயில கட்டிட்டு நான் நடவுக்குப் போறன். ஜாஸ்தி நேரமில்ல எனக்கு."

 ரயில்வே அய்யா கடிகாரத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அவருடைய மனைவிதான், "வாம்மா, நேரமாவுது, வா" என்றார். "கன்னுக்குட்டியப் புடிச்சிக்கினு வாடி" என்று அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள். வலது காலை எடுத்து வைத்துப் படியேறி, நிலையைத் தாண்டி உள்ளே போனாள். அவள் பின்னால் செவலை, அதன் பின்னால் கன்றும் நானும், எங்களுக்குப் பின்னால்தான் வீட்டுக்காரர்கள்.

நேராகப் போய்ப் பின்கதவு வழியாக இறங்கிவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அம்மா கூடத்துச் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டாள். சாக்கை எடுத்திருந்த சுவர், முற்றத்து வெளிச்சம் விழுந்து மோர் நிறத்தில் மின்னியது. அதில் அம்மா தெரிந்தாள், மாட்டின் மாலை தெரிந்தது, குட்டையாக நானும் தெரிந்தேன். வாசலில் ஊர் காத்துக்கொண்டு நிற்க, ஐயர் மந்திரத்தை இழுத்து இழுத்துச் சொல்ல, அவள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாகப் பார்த்தாள். செவலை தன் பங்குக்குச் சாணி போட்டது. அது நல்ல சகுனம் என்று எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் சிரித்தது அந்தக் கூடம் முழுக்க எதிரொலித்தது.

நாங்கள் போன பிறகு அன்று மாலையே மறுபடியும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்களாம். காலனியில் அதைச் சொல்லிச் சிலர் வருத்தப்பட்டார்கள். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "தெளிக்கட்டும். சுண்ணாம்புச் சொவரு, தண்ணி பட்டா இன்னும் இறுகும்" என்றாள்.

நான் இப்போது கள்ளக்குறிச்சியில் கணக்கு டீச்சர், அம்மாவும் என்னோடுதான் இருக்கிறாள். ரயில்வே அய்யா காலமாகி வெகுகாலம் ஆகிறது. போன மாதம் என் போனில் ஒரு விளம்பரம் வந்தது: பாரம்பரிய வீடு, தேக்குத் தூண்கள், விற்பனைக்கு. படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முட்டி வலியோடு அம்மா என்னோடு ஊருக்குப் பஸ் ஏறினாள். முன்படியைச் சாலை அகலப்படுத்தியபோது வெட்டிவிட்டார்கள், ஒரு செங்கல் திட்டுதான் மிச்சம். மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் கோபுரம். கூடத்துச் சுவரின் பாதிக்கு மேல் எவனோ ரோஸ் கலர் அடித்திருக்கிறான், அவனை நான் மன்னிக்கப் போவதில்லை. பின்சந்தைக் காணவே காணோம், அதன் மேல் தார்ச்சாலை ஓடுகிறது. பழையது எல்லாம் போய்விட்டதே என்று இந்தப் பக்கம் வந்து படம் பிடித்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் விடட்டும். அந்தச் சந்து போனதற்கு என்னிடம் ஒரு பெருமூச்சும் இல்லை.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த புரோக்கர் என் கைப்பையைப் பார்த்தார், அம்மாவின் காலைப் பார்த்தார். "வாங்குறவங்களுக்கு மட்டும்தாங்க காட்டச் சொல்லிக்கிறாங்க. நீங்க இந்தப் பக்கம்தானா? யாரூட்டுப் பொண்ணு?" என்று என்னைக் கேட்டார். எதற்காகக் கேட்கிற கேள்வி என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் வாய் திறக்கும் முன் அம்மா செங்கல் திட்டில் கால் வைத்து ஏறிவிட்டாள்.

"எம் பொண்ணு. வூடு பாக்க வந்துக்கிறோம். நாற்காலிய நவுத்து" என்றாள்.