சார்ட் போடும் முன் ஒரு குரல்

விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் போய், திண்டிவனத்தில் ஒரு டேட்டா என்ட்ரி ஆபீசில் சேர்ந்தேன். முதல் நாள் அங்கே சீனியரான செல்வம் அண்ணன் சொல்லிக்கொடுத்தது கத்துவதற்கு.

"சார்ட் போடறதுக்கு முன்னாடி 'சார்ட்டு'ன்னு ஒரு குரல் குடும்மா. இல்லாட்டி எல்லாருக்கும் பேஜாரு."

ஏசி அறையில் ஒரே கம்ப்யூட்டர். ஹாலில் ஆறு டெர்மினல். ஆளுக்கொரு திரை, ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். ஆறு பேருக்கும் அந்த ஒரே கம்ப்யூட்டர்தான் மாறி மாறி உழைக்கும். யாராவது பெயர்களை அகரவரிசையில் அடுக்கச் சொன்னால், அதாவது சார்ட் போட்டால், மற்ற ஐந்து திரையும் நின்றுவிடும். அப்போது அடிக்கும் எழுத்துகளைக் கொஞ்சம்தான் உள்ளே பிடித்து வைக்கும். அது நிரம்பியதும் 'பீப்'. பிறகு அடிப்பதெல்லாம் காற்றோடு போகும். அதனால் 'சார்ட்டு' என்று கேட்டதும் எல்லோரும் கையை எடுத்துவிட்டு மல்லாட்டை உரித்துத் தின்போம்.

எனக்கோ கூச்சம். வீட்டிலேயே நான் பேசினால் டிவியை அணைத்துவிட்டுத்தான் கேட்பார்கள். பத்தாம் நாள், வாயே திறக்காமல் சார்ட் போட்டேன். பிரிண்டர் ஓடிய சத்தத்தில் பீப் யாருக்கும் கேட்கவில்லை. செல்வம் அண்ணன் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். தாளை மட்டுமே பார்த்து அடிப்பவர். ஒரு பக்கம் முழுக்க அடித்துத் தள்ளினார்.

அதற்கு மூன்றாம் நாள், விதைக்கடைக்குக் கொடுத்த முகவரிப் பட்டியல் திரும்பி வந்தது. கூடவே முதலாளியும்.

"இன்னாப்பா செல்வம், கண்டமங்கலத்து ஆளைத் திருவக்கரையில குடி வெச்சிருக்க? நாம என்னா வீடு மாத்திக் குடுக்குறோமா? நாளைலேருந்து வராத."

"ஒழுங்காத்தான் சார் அடிச்சேன்..." அண்ணன் முகம் சுண்டிப்போனது.

எனக்குப் புரிந்துவிட்டது. நடுவில் அடித்தது காற்றோடு போய், ஒருவர் பெயரோடு இன்னொருவர் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுந்து நின்றேன். குரல்தான் எழவில்லை. கடைசியில் ஒரே வார்த்தை வந்தது.

"சார்ட்டு!"

பழக்கதோஷத்தில் ஐந்து பேரும் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்கள். முதலாளியும் பேச்சை நிறுத்திவிட்டார்.

"அன்னிக்கு சார்ட் போட்டது நான்தான் சார். குரல் குடுக்கல."

"இவ்ளோ பெரிய குரலை இத்தினி நாளா எங்கம்மா ஒளிச்சு வெச்சிருந்த?" என்றார் முதலாளி. "ரெண்டு பேரும் உக்காந்து திருப்பி அடிங்க. ஜல்தி."

அண்ணன் வேலை தப்பியது. என் வேலையும்.

இப்போது எங்கள் ஆபீசில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். ஆனால் எழுதுவதென்னவோ எல்லோரும் ஆன்லைனில் ஒரே ஷீட்டில்தான். போன வாரம் நான் நிரப்பிக்கொண்டிருந்த வரிசை கண்ணெதிரே இடம் மாறி ஓடியது. எழுந்து நின்று, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"யாரும்மா அது, குரல் குடுக்காம சார்ட் போட்டது?"